மெத்தோதி கலூடொவின் நாற்பதாம் நாள்

அன்று மாநில தானிய ஈரப்பத நிலையத்தின் கூட்ட அறையில் இருந்தவர்கள்: நிலைய இயக்குநர் பெஞ்சோ திரண்டாரொவ், பணியாளர் பிரிவின் தலைவி ஸ்லாத்தினா ஹூபெனொவா, எடைப் பிரிவைச் சேர்ந்த வாங்கெல், வாயில் காவலர் தோப்ரி, ஈரப்பதப் பிரிவின் ஆறு பேர், எல்லா விஷயத்திலும் ஒரே நேரத்தில் கை தூக்குகிறவர்கள் என்பதால் இவர்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்லத் தேவையில்லை, என் மறைந்த தம்பியின் மனைவி ஸ்தொயாங்கா, அவளுடைய மகன் மெத்தோதி, பிறகு நான், அஸ்பாருக் கலூடொவ், ரயில்வேயிலிருந்து முறையாக விருந்து வைத்து ஓய்வுபெற்றவன்.

மொத்தம் பதின்மூன்று பேர். ஸ்தொயாங்கா எண்ணிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா, பன்னெண்டுதான்," என்றார் ஸ்லாத்தினா. "காலமானவரை நாங்க கணக்குல சேர்க்கிறதில்ல."

காலமானவர் என்று அவர் சொன்னது மெத்தோதியை. அவன் அப்போது அவருக்கு எதிரே உட்கார்ந்து, சட்டைக் கையில் ஒட்டியிருந்த சர்க்கரைத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தான்.

இந்தக் கூட்டத்தைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். எங்கள் குடும்பத்தின் பெயர் அதில் அடிபடுவதால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

நிலையம் டான்யூப் ஆற்றின் கரையில், காலிக் கோதுமைக் கிடங்கின் நிழலில் இருக்கிறது. கப்பலில் ஏறும் கோதுமையின் ஈரத்தைப் பார்ப்பது அதன் வேலை. கப்பல்கள் வேறு துறைக்குப் போய்விட்டன. நிலையம் அதற்காக நின்றுவிடவில்லை. மாதிரிக்கென்று வைத்திருந்த ஒரு மூட்டைக் கோதுமையின் ஈரத்தைத் தினமும் காலையில் அளந்து, நேற்றைய ஈரத்தோடு ஒப்பிட்டு, மாற்றம் இல்லை என்று தலைநகருக்குத் தெரிவித்துவந்தார்கள். அளந்தவன் மெத்தோதி.

வேலையை விட்டுப் போகிறவன் கூட வேலை செய்தவர்களுக்கு விருந்து வைத்துவிட்டுப் போவது எங்களுக்குள் எல்லா அலுவலகத்திலும் உள்ள பழக்கம். மேசை மேல் கொஞ்சம் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா, ஒரு புட்டி ரக்கியாச் சாராயம், நாலு நல்ல வார்த்தை. எங்கள் வீட்டில் இதில் யாரும் குறை வைத்ததில்லை. நான் ஓய்வுபெற்றபோது வைத்த விருந்தில் இரண்டு ரயில்கள் தாமதமாயின. ஆனால் நிலையத்தில் அந்தப் பழக்கம் வேறுவிதமாக வளர்ந்துவிட்டது. அதற்கு வாங்கெலே சாட்சி.

வாங்கெல் இளைஞராக இருந்தபோது வேறு வேலை கிடைத்து, ஒழுங்காக எல்லோரிடமும் முன்கூட்டியே சொன்னார். விருந்துக்கு நாள் குறித்தார்கள். அன்று இயக்குநருக்கு ஜலதோஷம். அடுத்து குறித்த நாளில் பாராட்டிப் பேச வேண்டியவர் விடுப்பில். அதற்கடுத்ததில் பேச்சுகள் முடியவில்லை. மீதியை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானமாயிற்று. பேச்சு முடியாமல் எப்படி அனுப்புவது? இப்போது வாங்கெலுக்குத் தலை முழுக்க நரை. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ஓர் ஆட்டை அறுத்து, எல்லோரையும் கட்டித் தழுவி விடைபெறுகிறார். மறுநாள் காலையில் வேலைக்கு வருகிறார்.

மெத்தோதியின் மேசை வாங்கெலுக்கு நேர் எதிரே இருந்தது. இத்தனை வருடமும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். அதனால்தான் வேறு வேலை தேடிக்கொண்டதும் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. இயக்குநர் கையெழுத்துக்குப் போகும் காகிதக் கட்டின் நடுவில் ராஜினாமாவைச் செருகினான். கட்டோடு கட்டாக அதிலும் கையெழுத்து விழுந்தது. கடைசி வெள்ளிக்கிழமை தன் தேநீர்க் கோப்பையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாயிலில் தோப்ரியிடம் வழக்கம்போல் மாலை வணக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான்.

திங்கட்கிழமை அவன் மேசை காலியாக இருந்தது. பணியாளர் பிரிவில் ஆலோசனை நடந்தது. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து விருந்து வைக்காமல் போனவர்கள் இறந்தவர்கள் மட்டுமே. மெத்தோதி விருந்து வைக்கவில்லை. மேற்கொண்டு விசாரிக்கக் காணாமற்போன ஊழியர்கள் குழு என்று ஒன்று இருந்தது. ஆனால் அதன் செயலாளர் மெத்தோதி. அவன் அழைக்காமல் குழு கூட முடியாது. வெள்ளிக்கிழமை அவன் முகம் வெளுத்திருந்ததாகத் தோப்ரி சொன்னார். அது போதுமானதாக இருந்தது. ஆறு பேரும் கை தூக்கினார்கள்.

நான் ரொட்டி வாங்கித் திரும்பும்போது எங்கள் கட்டடத்தின் கதவில் அறிவிப்பைப் பார்த்தேன். கறுப்புக் கரை போட்ட மரண அறிவிப்பு. "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்: எங்கள் அன்புச் சக ஊழியர் மெத்தோதி கலூடொவ், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், எங்களை விட்டுப் போய்விட்டார்." படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். தொழிற்சங்கம் கடற்கரைக்கு அழைத்துப் போனபோது எடுத்த கூட்டப் படத்திலிருந்து வெட்டியது போலும். அவன் தோளில் சிவப்பு நகச்சாயம் பூசிய யாருடைய கையோ தனியாக மிச்சமிருந்தது. காகிதத்தை என் இடுப்பு உயரத்தில், தொலைந்துபோன நாய்க்கான விளம்பரத்துக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள்.

என் அப்பாவின் அறிவிப்பு கண் மட்டத்தில் இருந்தது. தம்பியின் அறிவிப்பும் அப்படித்தான். தவிரவும், எங்கள் குடும்பத்தில் யாரும் எனக்குச் சொல்லாமல் இறந்ததில்லை.

தொப்பியை அணிந்துகொண்டு ஸ்தொயாங்காவின் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்ததும் வறுத்த மிளகாய் வாசனை. மெத்தோதி உள்பனியனோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க பெரியப்பா. பார்த்துட்டீங்களா?"

"இது என்னடா கூத்து? நீ செத்துட்டியாம். ஊரே படிக்குது."

"கீழ் வீட்டுக்காரி பூ கொண்டுவந்து கொடுத்துட்டுப் போனா," என்றாள் ஸ்தொயாங்கா. "இவன்தான் கதவைத் திறந்து வாங்கினான். உங்க அம்மாவுக்கு என் அனுதாபத்தைச் சொல்லுன்னு இவன்கிட்டயே சொல்லிட்டுப் போறா."

அப்போதுதான் விஷயம் முழுவதையும் சொன்னான். அக்கரையில் ருமேனியர்களின் பயணப் படகில் அவனுக்குக் கயிறு கட்டும் வேலை கிடைத்திருந்தது. ஆற்றில் நீர் குறைந்து படகு நின்றிருந்தது. நீர் ஏறியதும் வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் நிலையம் வைத்திருக்கும் அவனுடைய பணிப் புத்தகம் கைக்கு வந்தாக வேண்டும். அது இல்லாமல் எங்கும் யாரும் வேலையில் சேர்க்க மாட்டார்கள்.

"கிளம்பு," என்றேன். "சட்டையைப் போடு. நீயே நேர்ல போய் நில்லு. புத்தகத்தை வாங்கு. அந்தக் காகிதத்தையும் கிழிக்கச் சொல்லு."

வாயிலில் தோப்ரி எங்களைப் பார்த்துச் சிலுவை போட்டார்.

"பெரியவரே, உங்களை விடறேன். இவரை எப்படி விடுறது? இவரோட நுழைவு அட்டையை நானே கத்தரிக்கோலால ரெண்டா வெட்டினேன்."

"தோப்ரி அண்ணே, என்னைத் தெரியலையா?" என்றான் மெத்தோதி.

"தெரியுது தம்பி. அதான் சிலுவை போட்டேன். யார் விஷயமா வந்தீங்கன்னு எழுதணும்."

"என் விஷயமாத்தான்."

தோப்ரி யோசித்து, "காலமானவர் விஷயமா," என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

ஸ்லாத்தினா ஹூபெனொவா எழுந்து நின்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நகங்கள் சிவப்பாக இருந்தன. பிறகு மெத்தோதியைப் பார்த்தார்.

"தம்பியா? அடடா, என்ன ஜாடை! அதே மூக்கு."

"மேடம், நான்தான் மெத்தோதி."

"துக்கத்துல எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்பா. தண்ணி குடிக்கிறியா?"

என் சகோதரன் மகனைப் பொய்யன் ஆக்க வேண்டாம், இவன் மெத்தோதிதான், இதற்கு நான் உத்தரவாதம் என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சரி, நீங்கதான்னே வெச்சுக்குவோம். அதனால என்ன ஆகிடுச்சு? தீர்மானம் ஏகமனதாப் போட்டது. நீங்களும் ஆட்சேபிக்கல."

"நான்தான் அங்க இல்லையே மேடம்!"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"என் ராஜினாமால இயக்குநர் கையெழுத்துப் போட்டிருக்காரே?"

"அவர் எல்லாத்துலயும் போடுவார். விருந்துத் தேதி குறிக்காத ராஜினாமா நிலுவையில இருக்கும். ஆள் காலமானா நிலுவையெல்லாம் தீர்ந்ததா அர்த்தம். உங்களுக்கு இப்ப ஒரு பாக்கியும் இல்ல. சுத்தமா இருக்கீங்க."

"பணிப் புத்தகம்?"

அவர் குரல் கனிந்தது. "காலமானவரோட புத்தகம் நாற்பதாம் நாள் இங்க எல்லாரும் கூடிக் கோதுமை சாப்பிட்டு, ஒரு வாய் குடிச்சதும் வாரிசு கையில போயிடும். உங்க அம்மா வந்து வாங்கிக்கலாம். உயிரோட இருக்கறவர்னா..." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முன்கூட்டியே எல்லார்கிட்டயும் சொல்லணும். விருந்து வைக்கணும். பேச்செல்லாம் முடியணும்."

பக்கத்து அறையில் வாங்கெல் இருமும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தபோது ஆற்றின் மேல் மூடுபனி இறங்கியிருந்தது. அக்கரை தெரியவில்லை. மெத்தோதி என் கையைப் பிடித்தான். சிறுவயதுக்குப் பிறகு அவன் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

"பெரியப்பா, நல்லதாப் போச்சு. நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். நாற்பதாம் நாள் அம்மா கைக்குப் புத்தகம் வந்துடும். அக்கரையில நம்ம எழுத்து யாருக்கும் படிக்க வராது. கடைசிப் பக்கத்துல செத்துட்டான்னு எழுதியிருந்தா அவங்களுக்கு என்ன? புத்தகம் இருக்கான்னுதான் பார்ப்பாங்க."

"கலூடொவ் குடும்பத்து ஆள் உயிருக்குப் பயந்து செத்தான்னு ஊர் பேசணுமா? நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு முன்வாசல் வழியா வெளிய வா. விருந்தை நான் வைக்கிறேன்."

"வாங்கெலும் முன்வாசல் வழியாத்தான் கிளம்பினார்."

ஸ்தொயாங்காவும் அழுதாள். கடைசியில் நாற்பதாம் நாளன்று நான் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். நாங்கள் கொடுத்த வாக்கை மீறுவதில்லை. ஆனாலும் போகும்போது என் தோட்டத்துப் பிளம் பழத்தில் நானே காய்ச்சிய ரக்கியாவில் ஒரு புட்டியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போய் எனக்குப் பழக்கமில்லை.

மெத்தோதி வரமாட்டேன் என்றான். காலமானவர் வந்தால் மரியாதையாக இருக்கும் என்று ஸ்லாத்தினா தொலைபேசியில் சொன்னதால் வந்தான்.

கூட்ட அறையின் சன்னல்களுக்குத் திரை போட்டிருந்தார்கள். மேசைத் தலைமாட்டில் அவன் கடற்கரைப் படம், கறுப்பு நாடாவோடு; அதன் முன்னால் மெழுகுவர்த்தி. படத்துக்கு நேர் கீழே அவனை உட்கார வைத்தார்கள். நடுவில் பெரிய தட்டில் அவித்த கோதுமை, மேலே சர்க்கரைத் தூள். அதற்குப் பக்கத்தில் பணிப் புத்தகம். அதற்கும் நாடா கட்டியிருந்தது. ஸ்தொயாங்கா கையை நீட்டினால் எட்டும் தூரம்தான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோதுமை நல்லா வெந்திருக்கு," என்றேன் வாங்கெலிடம், சடங்குக்காக.

"மாதிரி மூட்டை," என்றார் அவர், உதடு அசையாமல். "நேத்து சாயங்காலம் வரைக்கும் ஈரத்துல மாற்றம் இல்ல."

இயக்குநர் திரண்டாரொவ் எழுந்தார். பருமனான மனிதர், பேசுவதற்கு முன்னால் கண்களைத் துடைத்துக்கொண்டார், பேசிய பிறகு நேரம் இருக்காது என்பதுபோல.

"நண்பர்களே! மெத்தோதி உயிரோட இருந்தவரைக்கும் நான் அவரைக் கவனிச்சதே கிடையாது. நல்ல ஊழியருக்கு அதுதான் அடையாளம். அவர் மேசை எங்க இருக்குன்னுகூடப் போன மாசம்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். போய்ப் பார்த்தேன். நல்ல மேசை."

ஆறு பேரும் தலை குனிந்தார்கள்.

"இது ஒரு குடும்பம். இந்தக் குடும்பத்தை விட்டு ஒருத்தர் போகணும்னா ஒண்ணு நாங்க அனுப்பணும், இல்ல ஆண்டவன் அனுப்பணும். மூணாவதா ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சா நாளைக்கு இங்க யார் இருப்பா? நான் இருப்பேன். தனியா உக்காந்து நான் என்ன செய்யறது? எனக்கு ஈரம் அளக்கத் தெரியாது. தெரிஞ்சவங்க போகாம பார்த்துக்கறதுதான் என் வேலை. அதை நான் குறையில்லாம செஞ்சிருக்கேன். வாங்கெலைக் கேளுங்க."

வாங்கெல் மெதுவாக மெத்தோதியின் பக்கம் சாய்ந்தார். "எல்லாரும் குடிக்கறப்ப யாரும் கவனிக்க மாட்டாங்க. படிக்கட்டு இடது பக்கம். அம்மா புத்தகத்தைத் தொட்டதும் எழுந்திரு தம்பி. திரும்பிப் பார்க்காத."

தோப்ரி எல்லோருடைய கோப்பையிலும் நிலையத்தின் ஒயினை ஊற்றினார். இறந்தவருக்காகக் குடிக்கும்போது நாங்கள் கோப்பையோடு கோப்பையை மோதுவதில்லை. ஒரு மடக்கைத் தரையில் சிந்தி, ஆண்டவன் மன்னிக்கட்டும் என்று சொல்லிப் பேசாமல் குடிப்போம். மோதும் சத்தம் உயிரோடு இருப்பவர்களுக்கானது. அவ்வளவுதான் மிச்சம் இருந்தது: பன்னிரண்டு பேர் பேசாமல் ஒரு மடக்குக் குடிக்க வேண்டும். ஸ்தொயாங்காவின் விரல்கள் நாடாவின் நுனிவரை வந்துவிட்டன.

இயக்குநர் கோப்பையைத் தூக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒரே ஒரு மனக்குறை. நம்ம மெத்தோதி நல்லவர்தான், ஆனா கை கொஞ்சம் இறுக்கம். ஒரு தட்டு பனித்சாவுக்கு யோசிச்சு, சொல்லாம கொள்ளாம செத்துப் போனார். வீட்டு வளர்ப்பு அப்படி. போகட்டும். ஆண்டவன் மன்னிக்கட்டும்."

நான் எழுந்தேன். பேசவில்லை. கொடுத்த வாக்குப்படி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கோட்டுக்குள்ளிருந்து புட்டியை எடுத்தேன். அவர்களுடைய ஒயினைப் பூத்தொட்டியில் கொட்டிவிட்டு, என் கோப்பையிலும் மெத்தோதியின் கோப்பையிலும் என் ரக்கியாவை ஊற்றினேன். பிறகு மற்ற எல்லோருக்கும், விளிம்புவரை. மெத்தோதி என்னை அண்ணாந்து பார்த்தான். தலையை மிக லேசாக அசைத்தான், வேண்டாம் என்று.

நான் என் கோப்பையை அவன் கோப்பையோடு மோதினேன். நல்ல கண்ணாடி, சத்தம் அறை முழுவதும் கேட்டது.

பிறகு ஈரப்பதப் பிரிவில் ஒருவர் கோப்பையை நீட்டி மோதினார். ஆறு பேரும் மோதினார்கள். தோப்ரி மோதினார். இயக்குநரின் முகம் மலர்ந்தது. மேசையைச் சுற்றி வந்து மெத்தோதியின் கோப்பையில் தன்னுடையதை மோதி, அவனைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "நூறு வருஷம் வாழணும்! நம்ம பையன் நூறு வருஷம் வாழணும்!" எல்லோரும் கைதட்டினார்கள். வாங்கெல் மட்டும் கடைசிவரை கோப்பையைத் தொடவில்லை.

ஸ்லாத்தினாவின் கை பணிப் புத்தகத்தின் மேல் வந்து அமர்ந்தது. சிவப்பு நகங்கள் கறுப்பு நாடாவைச் சிக்கல் விழாமல் அவிழ்த்தன.

"ஏகமனதா தீர்மானமாச்சு," என்றார். "மெத்தோதி உயிரோட இருக்கார். வாழ்த்துகள். இது இனி என்கிட்டயே பத்திரமா இருக்கும். திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்கு வந்துடுங்க."

"என் ராஜினாமா?" என்றான் மெத்தோதி. அவன் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அதுதான் நீங்க காலமானப்பவே தீர்ந்துபோச்சே. புதுசா ஒண்ணு கொடுக்கலாம், யார் தடுத்தா? முன்கூட்டியே எல்லார்கிட்டயும் சொல்லுங்க. விருந்துக்கு நாள் பார்ப்போம். இந்த வருஷம் முடியாது, வாங்கெலோடது இருக்கு."

"அப்ப இந்த விருந்து?"

"இது உங்க நாற்பதாம் நாள். இதை எப்படிக் கணக்குல எடுத்துக்க முடியும்?"

தோப்ரி போய்க் கதவைச் சாத்தினார். பேச்சுகள் இன்னும் பாக்கி இருந்தன. மாலைவரை உட்கார்ந்து கேட்டோம். என் ரக்கியாவை எல்லோரும் பாராட்டினார்கள். இவ்வளவு பெருந்தன்மையான விருந்தை நிலையம் கண்டதில்லை என்று இயக்குநர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். வெளியே வரும்போது முன்வாசல் வழியாகத்தான் வந்தோம், ஸ்தொயாங்கா முன்னால், எங்களுக்காக நிற்காமல், நான் நடுவில், மெத்தோதி பின்னால்.

சில நாளில் ஆற்றில் நீர் ஏறிப் படகு ஓடத் தொடங்கியது. வேறொருவன் கயிறு கட்டுகிறான். மெத்தோதி தன் பழைய மேசையில், வாங்கெலுக்கு எதிரே இருக்கிறான். கோதுமை தீர்ந்துவிட்டதால் காலி மூட்டையின் ஈரத்தைத் தினமும் காலையில் அளக்கிறான். மாற்றம் இல்லை.

வசந்தத்தின் தொடக்கத்தில் ஊரெங்கும் அவனுடைய ஆறாம் மாத நினைவு அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. அச்சகத்துக்கு முன்பே சொல்லிவைத்ததாம், நிறுத்துவதற்கு வழியில்லையாம். இந்த முறை படம் புதியது. மேசையில் உட்கார்ந்திருக்கிறான், சிரிக்கவில்லை. தோளில் அந்தக் கை மட்டும் அப்படியே இருக்கிறது. நான் எழுதிக் கேட்டுக்கொண்டபடி கண் மட்டத்தில் ஒட்டியிருந்தார்கள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் மீன் சந்தையில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது: மெத்தோதி கலூடொவ் போன இலையுதிர்காலத்திலேயே இறந்துவிட்டான், விடிந்ததும் கோட்டுக் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் போவது அவனுடைய ஆவி என்று. இது தவறு. அவன் வேலைக்குப் போகிறான்.